மேற்படி இருவரும் ஒருவரே

ஜூன் 3, திங்கள்

இன்று நான் அப்பாவிடம் சொல்லாதது: "இது உங்கள் யூனிட் ஆபீஸ் இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை."

விண்ணப்பத்தை மூன்றாவது தடவையாகத் திருப்பிக் கொடுத்தார். முதல் தடவை இடது ஓரத்தில் இடம் போதவில்லை. இரண்டாவது தடவை பத்திகளுக்கு எண் இல்லை. இன்று பதக்கங்களை வரிசை மாற்றி எழுதிவிட்டேனாம்.

"சைன்ய சேவா மெடல் முன்னால வரும். ஒன்பது வருஷ மெடல் கடைசி. மாத்து."

"அந்த கிளார்க்குக்கு அது தெரியவா போகுதுப்பா?"

"கிளார்க்குக்குத்தான் தெரியும்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். சென்னையில் நூலக அறிவியல் முதுகலையில், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு இடம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் நான் முதலில் நிற்கிறேன். நான் அப்பாவின் மகள்தான் என்று மாவட்ட நல அலுவலகம் ஒரு சான்றிதழ் தரவேண்டும். அது ஜூன் 28, மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருடம் இதே பள்ளியில் 'நூலகர்' வேலை. அதாவது, இரண்டு பீரோக்களின் சாவி என் கைப்பையில் இருக்கும். புத்தகம் கேட்டு யாரும் வரமாட்டார்கள். இருபத்தாறு வயதில் சாவியைக் காப்பதற்குச் சம்பளம்.

பதக்கங்களை வரிசைப்படி மாற்றி எழுதினேன். மோட்டார் ஓடவில்லை, கீழ்த்தொட்டியிலிருந்து பன்னிரண்டு குடம் சுமந்தேன்.

ஜூன் 5, புதன்

அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். திறந்தோம் என்பது தவறு. அவர் திறந்தார், நான் தள்ளி நிற்க அனுமதிக்கப்பட்டேன். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய எண், பதவி, பெயர்: ஹவில்தார் கிளார்க் அருணகிரி. உள்ளே எல்லாத் தாள்களும் துளையிட்டு, டேக் கட்டி, மேலே பொருள் எழுதி. இருபத்து நான்கு வருடப் பட்டாளத்தில் அவர் துப்பாக்கியைவிட டைப்ரைட்டரைத்தான் அதிகம் தொட்டிருப்பார்.

ஐந்து பதக்கங்கள், ஒரே பட்டையில் கோத்தவை. விளிம்பில் எண்ணும் பெயரும் பொடியாகப் பொறித்திருக்கின்றன. அவற்றில் எதுவும் சண்டைக்காகக் கிடைத்ததில்லை. கஷ்டமான இடத்தில் ஒரு வருடம் இருந்ததற்கு ஒன்று. உயரமான இடத்தில் இருந்ததற்கு ஒன்று. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டில் வேலையில் இருந்ததற்கு ஒன்று. இருபது வருடம் இருந்ததற்கு, ஒன்பது வருடம் இருந்ததற்கு.

"எல்லாமே இருந்ததுக்குத்தானாப்பா?" என்றேன்.

"இருக்கிறதுதான் கஷ்டம்" என்றார். அவருக்குக் கோபமில்லை.

அம்மா ஃபால்ஸ் தைக்க வந்த புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அங்க இருந்ததுக்கு அவருக்குக் குடுத்தாங்க" என்றாள். "இங்க இல்லாததுக்கு எனக்குத்தான் ஒண்ணும் குடுக்கல."

அப்பா டிரங்கை மூடிவிட்டார். குடும்ப விவரம் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும் என் கையில்.

ஜூன் 7, வெள்ளி

பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போனேன். நல அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ரெஜினா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? புக்ல பொண்ணு யமுனா, 11-3-1996. உன் பத்தாம் கிளாஸ் சர்டிபிகேட்ல 2-2-1998. நீ எந்த யமுனா?"

"அது டைப்பிங் மிஸ்டேக் மேடம். மிலிட்டரி ஆஸ்பத்திரி கார்டுல கூட எனக்கு ரெண்டு வயசு கூடத்தான்."

இது வீட்டில் பழைய வேடிக்கை. மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு இரண்டு வயது ஏறிவிடும் என்று சின்ன வயதில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சிரித்ததாக நினைவில்லை. எனக்கு மட்டும்தான் அது வேடிக்கையாக இருந்ததோ என்னவோ.

"சரி, அப்பாகிட்ட கேட்டு ஒரு திருத்த லெட்டர் கொண்டா" என்றார்.

மாலை அப்பாவிடம் சொன்னேன். "ஊரு பூரா பேருக்கு ஆர்டர் அடிச்சீங்க. சொந்தப் பொண்ணு தேதியில கோட்டை விட்டுட்டீங்களே!" ஒரு தப்பு செய்த அப்பாவைப் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அவர் மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்தார்.

ஜூன் 9, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. திருத்தக் கடிதம் எழுதித்தரச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். எந்தக் கடிதத்தையும் அவர் பார்க்கலாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கடிதமில்லாமல் மறுபடியும் போனேன். ரெஜினா மேடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அதே பக்கத்தைத் திருப்பி, பேனாவின் பின்முனையால் ஒரு சின்னக் கட்டத்தைத் தட்டினார்.

"இதை நான் அன்னிக்குக் கவனிக்கலம்மா. பார்ட் டூ ஆர்டர் தேதி 2-5-1996னு இருக்குது. நீ பொறந்தது தொண்ணூத்தெட்டு. பொறக்கறதுக்கு முன்னாடியே யாராவது ஆர்டர் போடுவாங்களா?"

பார்ட் டூ ஆர்டர் என்பதை எங்கள் வீட்டில் குழந்தைகூட அறியும். பட்டாளத்தில் ஒருவருக்குக் கல்யாணமோ குழந்தையோ சாவோ, எதுவானாலும் யூனிட் ஆபீஸ் அதை அந்தத் தாளில் வெளியிடவேண்டும். வெளியிட்டால்தான் அது நடந்ததாகக் கணக்கு. அப்பாவின் வேலையே அதுதான். எண்ணூறு பேரின் பிறப்பும் இறப்பும் அவர் விரல் வழியாகப் போயிருக்கின்றன.

"அலவன்ஸுக்காக அப்பா முன்கூட்டியே..." என்று மேடம் இழுத்தார்.

"எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல."

"நான் சொல்லலம்மா, ஆடிட்டுக்காரன் கேப்பான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இதோ பார். ஆர்மி ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதித் திருத்தணும்னா வருஷம் ஆகும். ஒரு அஃபிடவிட் போடு. ரெண்டு தேதியில இருக்கிற யமுனாவும் ஒரே ஆள்தான்னு அப்பா கையெழுத்து போடட்டும். 'மேற்படி இருவரும் ஒருவரே'ன்னு. நோட்டரி அடிச்சுக் குடுப்பார். அன்னிக்கே சர்டிபிகேட் தர்றேன்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எப்போதும் படிக்கும் நான் இன்று பையிலிருந்து புத்தகத்தை எடுக்கவில்லை. தலைவலி.

ஜூன் 12, புதன்

அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அம்மா ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள், உதட்டில் இரண்டு குண்டூசி. ஆர்டர் தேதியைச் சொன்னேன். அவள் ஊசிகளை எடுத்துப் புடவையில் குத்தினாள்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்தது."

"ஒண்ணுன்னா?"

"பொண்ணு. நாலு மாசம். ஜுரம் வந்தது, ரெண்டே நாள்."

"பேரு?"

"அதான் பேரு."

தையல் நிற்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். அப்பா அப்போது வடகிழக்கில், பனி விழும் ஏதோ மலையில். தாத்தா தந்தி அடித்தார். அப்பா செப்டம்பரில்தான் வந்தார். மடித்து வைத்திருந்த குழந்தைத் துணிகளைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. லீவு முடிந்து போய்விட்டார். பிறகு நான் பிறந்தபோது ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது: 'பெயர் யமுனாவே இருக்கட்டும்.'

"நீ ஏன் சரின்னு சொன்ன?"

"வேற பேர் வெக்கலாம்னு எழுத எனக்குக் கையில தெம்பு இல்லடீ. அப்பால நீ அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சுட்ட."

"அது செத்ததை ஆர்டர்ல போடவே இல்லையாம்மா?"

"நான் கேக்கவே இல்ல" என்றாள். "போட்டிருப்பார்னுதான் நெனச்சேன். ஊருக்கெல்லாம் போடறவராச்சே."

ஒரு ரஷ்ய நாவல் பாதியில் கிடக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் நான்கு பெயர்கள். எனக்கு அரைப் பெயர்தான் கிடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிதாக இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

பள்ளிக்குப் புது அகராதிகள் வந்தன. நாற்பதுக்கும் முத்திரை குத்தினேன். எட்டைத் தலைகீழாகக் குத்திவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

அப்பாவிடம் அஃபிடவிட் பற்றி மட்டும் சொன்னேன். அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "என்னிக்குப் போகணும்?" என்றார். "திங்கக்கிழமை" என்றேன். "சரி."

சட்டையை இன்றே இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 17, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் பிறகு என் வசதிக்கு மாற்றிக்கொள்வேன்.

நோட்டரி ஞானப்பிரகாசத்தின் அறை ஜெராக்ஸ் கடைக்கு மேலே. முத்திரைத் தாளில் அடித்துத் தயாராக வைத்திருந்தார். அப்பா கண்ணாடி போட்டுப் படிக்க ஆரம்பித்தார். முதல் பத்தியில் பெயருக்கு முன்னால் எண்ணும் பதவியும் இல்லை. மாற்றி அடித்தார்கள். இரண்டாவதில் தேதிகளை ஒரே மாதிரி எழுதவில்லை. மாற்றி அடித்தார்கள். எனக்குப் பல்லைக் கடித்துத் தாடை வலித்தது.

"சார், நீங்க பேசாம எனக்கு ஜூனியரா வந்துடுங்க" என்றார் நோட்டரி.

மூன்றாவது பத்தியில் அப்பா நின்றார். வெகுநேரம் அதே வரியில் இருந்தார். பிறகு தாளை மேஜையில் வைத்தார்.

"இதுல கையெழுத்து போட முடியாது."

"இன்னும் ஃபார்மட்டா சார்? சொல்லுங்க, மாத்திடலாம்."

"ஃபார்மட் சரியா இருக்குது. விஷயம் பொய்."

"சார், வாரத்துக்கு நாலு 'ஒருவரே' அடிக்கிறேன் நானு. போன வாரம் ஒருத்தர் மூணு பேரா வந்தார், ஒரு ஆளா ஆக்கி அனுப்பி வெச்சேன். சந்தோஷமாப் போனார்."

"இருபத்தி நாலு வருஷத்துல ஒரு பொய் என்ட்ரி நான் அடிச்சதில்ல."

அப்போது நான் சொன்னேன். ஜெராக்ஸ் எடுக்கக் காத்திருந்த இரண்டு பேர் படியில் நின்றிருந்தார்கள், அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

"பொய் அடிக்கலப்பா. ஒரு நிஜத்தை அடிக்காம விட்டுட்டீங்க. அதுக்கு நான் இப்ப என் படிப்பைக் குடுக்கணுமா?"

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நோட்டரியிடம் அடித்த கூலியைக் கொடுத்தார். பஸ்ஸில் இரண்டு இருக்கை சேர்ந்தே காலியாக இருந்தும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ சரியான வாக்கியங்களைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன். இதையும் விழுங்கியிருக்கலாம். ஆனாலும் அது உண்மைதான். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். பதினொரு நாள் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

மூன்று வேளையும் உப்புமா. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 20, வியாழன் (இன்று பள்ளி அரைநாள்)

மதியம் வீட்டுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டி கூடத்தின் நடுவில் திறந்திருந்தது. அப்பா என் லேப்டாப்பைக் கேட்டார். கேட்டவர், விட்டுப்போன இறப்பைப் பதியக் கோரும் விண்ணப்பத்தைப் பத்து விரலாலும் அடித்தார், கீழே பார்க்கவே இல்லை. நான் இதுவரை அவர் டைப் அடித்துப் பார்த்ததில்லை. நான் பார்ப்பதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

பக்கத்தில் ஒரே ஒரு தாள் இருந்த கோப்பு. தந்தி. 'குழந்தை இறந்துவிட்டது, உடனே வரவும்.' வேறு விவரம் இல்லை. தாத்தா வார்த்தைக்கு இவ்வளவு என்று பார்த்து அனுப்பியிருப்பார். அதன் மூலையில் நீல மையில் ஒரு முத்திரை: உள்வரவு எண், தேதி, நடவடிக்கை. எண் 614. தேதி 27-7-96. இரண்டும் அப்பாவின் கையெழுத்து. யூனிட்டுக்கு வரும் எல்லாத் தபாலுக்கும் எண் போடுவது அவர் வேலை. தனக்கு வந்த அந்தத் தபாலுக்கும் போட்டிருக்கிறார். நடவடிக்கை என்ற இடம் காலி.

"மலைப்பாதையை மூடிட்டாங்க அப்ப" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. "மழை, மண்சரிவு. ஹெலிகாப்டர் ஆபீசருக்கே கிடையாது. தினம் காலையில ஆர்டர் ஷீட் மெஷின்ல மாட்டுவேன். மத்தவங்க என்ட்ரியெல்லாம் அடிப்பேன். இதை நாளைக்கு அடிக்கலாம்னு வெப்பேன்." தந்தியின் மடிப்பை நீவினார். "நாளைக்கு, நாளைக்குன்னு நீ பொறந்துட்ட."

பிறகு திரையைப் பார்த்தபடி சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"கோமளா. தேதி என்ன?"

அம்மா வெளியே வந்தாள். கையில் வெங்காயம்.

"எது?"

"தந்தியில தேதி இல்ல."

அம்மா அவரையே பார்த்தாள். தேதிகூடத் தெரியாமல் இருபத்தெட்டு வருடம் இந்த மனிதன் இருந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஜூலை பதினாறு. செவ்வாக்கிழமை."

அப்பா அடித்தார். "நேரம்?"

"ஏன், ஃபார்ம்ல நேரம் கேக்குதா?"

"இல்ல" என்றார் அப்பா.

அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "காலையில. ஆறு மணி சங்கு ஊதி முடிஞ்ச உடனே" என்றாள். பிறகு இன்னும் சொன்னாள். நான் மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்தேன். காய்ந்திருக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

நகராட்சி. பிறப்பு இறப்புப் பதிவில் அந்தச் சாவு இல்லை. அப்போது யாரும் போய்ப் பதியவில்லை. தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், விசாரணை உண்டு, மூன்று மாதமாவது ஆகும், நாலும் ஆகலாம். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் அப்பாவின் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளும். இறப்பை வெளியிட்ட பிறகுதான் என் பிறப்பை வெளியிடும்.

எண்ணிப் பார்த்தேன். ஜூன் 28 இந்தக் கணக்கில் எங்குமே வராது. சொந்தப் பிறப்புக்காக இருபத்தாறு வயதில் வரிசையில் நிற்கிறவளை நான் எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. காஸ் சிலிண்டர் வேறு தீர்ந்துவிட்டது.

ஜூன் 24, திங்கள்

காலையில் அப்பா குளித்து, இஸ்திரிச் சட்டையோடு வந்து என் எதிரில் நின்றார். நின்றார், உட்காரவில்லை.

"நோட்டரிகிட்ட அந்தப் பேப்பர் இருக்குது. நீ சொன்னா இன்னிக்கே போய்க் கையெழுத்து போட்டுடறேன்."

"பொய்ன்னு சொன்னீங்க."

"பொய்தான். போட்டுடறேன். என் தப்புக்கு நீ ஏன் ஒரு வருஷம் குடுக்கணும்?"

"போட்டா இந்த விண்ணப்பம்?"

"அப்புறம் இதை அனுப்ப முடியாது. ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நானே சத்தியம் பண்ணிட்டா, அது செத்துதுன்னு எப்படி எழுதறது? அப்படி ஒரு ஆளே இல்லன்னு ஆயிடும்." எந்த உணர்ச்சியும் காட்டாமல், விதிமுறை சொல்கிற குரலில் சொன்னார். "யோசிச்சுச் சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்குது."

அம்மா வாசலில் யாருக்கோ புடவை கொடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணித்தான் கொடுப்பாள். இன்று மூன்று தடவை எண்ணினாள்.

எவ்வளவு சாமர்த்தியமாக என் தலையில் கட்டிவிட்டார்கள்! இருபத்தெட்டு வருடம் இரண்டு பெரியவர்கள் பேசாமல் இருந்ததற்கு முடிவு நான் சொல்லவேண்டுமாம்.

ஜூன் 25, செவ்வாய்

நாளை போகலாம் என்று இருக்கிறேன். இன்று பள்ளியில் ஆய்வு, விடுப்புத் தரமாட்டார்கள்.

ஜூன் 26, புதன்

பல்கலைக்கழக இணையதளத்தில் என் பெயர் இன்னும் முதலில் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். நாளை.

ஜூன் 27, வியாழன்

மழை. இந்த மழையில் பஸ் ஓடினாலும் நோட்டரி வந்திருக்கமாட்டார்.

அம்மாவிடம் சும்மா கேட்டேன், அது எப்படி இருக்கும் என்று. "உன்ன மாதிரி இல்ல" என்றாள். "நல்ல நிறம். அழவே அழாது. நீதான் ஊரைக் கூட்டுவ."

ஜூன் 28, வெள்ளி

காலையில் பள்ளிக்குப் போனேன். மாலை வந்தேன். ஐந்து மணிக்கு அப்பா கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலைவலி என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். அவர் கோட்டாட்சியருக்கான இறப்புப் பதிவு விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டி, குடையை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குக் கிளம்பினார். பதிவுத் தபால் நான்கு மணியோடு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா! திரும்பி வந்து, நாளைக் காலை முதல் ஆளாகப் போவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சேர்க்கை முடிந்தது. விசாரித்தேன். அந்த ஒரே இடத்துக்கு இரண்டாவதாக இருந்த பெண் வரவில்லையாம். மூன்றாவது ஆள் இல்லையாம். காலியாகவே விட்டுவிட்டார்கள். அந்த நாற்காலியை நினைத்தால் வயிறு எரிகிறது.

நவம்பர் 21, வியாழன்

பார்ட் டூ ஆர்டரின் நகல் தபாலில் வந்தது. இரண்டு பதிவுகள். யமுனா, மகள், இறப்பு 16-7-1996. யமுனா, மகள், பிறப்பு 2-2-1998. அப்பா படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. விரலை முதல் வரியில் வைத்து, "இதுவா?" என்று கேட்டாள். "அதான்" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

மூவரும் ஆற்றங்கரை இடுகாட்டுக்குப் போனோம். குழந்தைகளைப் புதைக்கும் பக்கத்தில் இப்போது நகராட்சியின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் ஓரிடத்தை அம்மா காட்டினாள். பத்து நிமிடம் நின்றோம். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.